பழைய கோயில் தெரியும்போது: இலங்கைத் தீவின் மின்சாரம்

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பழைய மஸ்கெலியா நகரம் வெளியே வரும். 1960களின் கடைசியில் அணை கட்டியபோது மூழ்கிப்போன கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிபாடுகள் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சனங்கள் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். கொழும்பில் இருப்பவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது. அவருக்கு அதே செய்தி மின்வெட்டு அட்டவணையாக வந்து சேரும். ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்துகளாகப் பிரித்து, இன்ன எழுத்துக்கு இன்ன நேரம் இருட்டு என்று அச்சிட்ட அட்டவணை.

மலையில் மழை குறைந்ததற்கும் கடற்கரை நகரத்தில் விளக்கு அணைந்ததற்கும் உள்ள இந்த நேரடித் தொடர்புதான் இலங்கையின் மின்சார வரலாறு. முக்கால் நூற்றாண்டாக இந்தத் தீவு எதையாவது ஒன்றை நம்பிச் சாய்ந்தே வந்திருக்கிறது. முதலில் மழை, பிறகு எண்ணெய், பிறகு நிலக்கரிக் கப்பல், இப்போது வெயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது. அந்தப் பருவம் தப்பும்போது கை நீட்டுவதற்கு இந்தத் தீவுக்கு அண்டை வீடு கிடையாது.

மின்சாரத்தை நெல்லைப் போல மூட்டை கட்டி அடுக்க முடியாது. ஒருவர் வீட்டில் சுவிட்சைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு சுழலி அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆக்கமும் பாவனையும் சரிசமமாக இருக்கும்வரை வலையமைப்பின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸில் நிற்கும். ஆக்கம் குறைந்தால் நாடு முழுவதும் சுழலும் அத்தனை இயந்திரங்களும் ஒன்றாக வேகம் குறையும். குறைந்துகொண்டே போனால், தம்மைக் காத்துக்கொள்ள அவை ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். பெரிய நிலப்பரப்பில் ஓர் ஆலை நின்றால் பக்கத்து மாநிலங்கள் தாங்கிக்கொள்கின்றன. 2024 மே மாதக் கடைசியில் இந்தியாவின் உச்ச மின்தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவு பெரிய வலையமைப்பில் 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று நின்றுபோனால் சென்னையில் ஒரு விளக்கும் மங்காது. இலங்கையின் உச்சத் தேவையோ அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அதுவும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அப்போது நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் ஓடும் 300 மெகாவாட் இயந்திரம் ஒன்றே நாட்டின் தேவையில் ஏறத்தாழ கால்வாசியைச் சுமந்துகொண்டிருக்கும். இப்படி ஒரு பெரும்பங்கு திடீரென்று அறுந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையர் 2016, 2020, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளின் நாடு தழுவிய இருட்டுகளில் கண்டவர்கள். அவை நுரைச்சோலையில் தொடங்கியவை அல்ல. துணைமின் நிலையத்திலும் மின்கம்பியிலும் தொடங்கியவை. ஆனால் சிறு வலையமைப்பில் ஒரு மூலையில் விழும் அடி முழு உடம்பையும் சாய்த்துவிடும்.

தீவின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் இலங்கையின் நீர்வலுவைப் பற்றி அவர் படித்த கட்டுரை இந்தத் துறையின் மூலப்பத்திரம் எனலாம். அதற்கு முன்பே நுவரெலியாவுக்காக பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்துக் காட்டியிருந்தார். களனி ஆற்றின் கிளைகளான மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் மலையிலிருந்து விழும் உயரம் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. 1924இல் லக்சபான வேலை தொடங்கியது; 1927இல் நின்றது. அரசசபை உறுப்பினராகவும் போய் அதற்காகவே பேசினார். அந்த நிலையம் 25 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் காலமானார். கட்டுரைக்கும் முதல் விளக்குக்கும் இடையே 32 ஆண்டுகள். இந்த நாட்டில் மின்திட்டம் ஒன்றைத் தள்ளிப்போடுவது அன்றே தொடங்கிய வழக்கம். அதற்குக் கொடுத்த விலையைக் கீழே பார்க்கப்போகிறோம்.

லக்சபானவுக்குப் பிறகு வேகம் பிடித்தது. காசல்ரீ, மவுசாகலை என்ற இரண்டு பெரிய நீர்த்தேக்கங்களில் பிடித்த தண்ணீரை மலைச்சரிவில் படிப்படியாக இறக்கி, ஒரு நிலையம் விட்ட தண்ணீரை அடுத்தது பிடித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். கனியோன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று ஒரே தண்ணீர் பலமுறை வேலை செய்கிறது. 1969இல் இலங்கை மின்சார சபை பிறந்தது. 1980களில் துரித மகாவலித் திட்டம் வந்தது. பிரித்தானிய உதவியில் விக்டோரியா, சுவீடன் உதவியில் கொத்மலை, மேற்கு ஜெர்மனி உதவியில் ரந்தெனிகல. 210 மெகாவாட் கொண்ட விக்டோரியா இன்றும் நாட்டின் மிகப் பெரிய நீர்மின் நிலையம். 1990களின் தொடக்கம்வரை தீவின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது. உலகில் மிகச் சில நாடுகளே அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்.

ஆனால் மகாவலித் தண்ணீர் மின்சார சபைக்குச் சொந்தமானது அல்ல. முதல் உரிமை வயலுக்கு. பொல்கொல்லையில் ஆற்றை மறித்து வடக்கே திருப்பும் தண்ணீர் உக்குவெல, போவதென்ன என்ற சிறிய நிலையங்கள் வழியாகக் கலாவெவப் பக்கம் போய்விடும். திருப்பாமல் விட்டால் அதே தண்ணீர் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை மூன்றிலும் இறங்கிக் கூடுதல் மின்சாரம் தரும். ஒவ்வொரு கன அடியும் நெல்லா, விளக்கா என்ற கேள்வியோடுதான் பொல்கொல்லையை அடைகிறது. 2023 ஓகஸ்டில் உடவளவைப் பக்கத்து விவசாயிகள் கருகும் பயிருக்காகச் சமனலவெவவின் தண்ணீரைக் கேட்டுப் போராடினார்கள். திறந்துவிட்டால் தெற்கில் மின்வெட்டு வரும் என்று அமைச்சு எச்சரித்தது. கடைசியில் தண்ணீர் திறக்கப்பட்டது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். மின்சாரத்துக்கு வேறு வழி தேடலாம், கதிர் முற்றும் பருவத்தைத் தள்ளிவைக்க முடியாது.

மலையகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தீவுக்கு வெளிச்சம் கொடுத்த அணைகளும் சுரங்கங்களும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்றன. உயர் அழுத்தக் கம்பிகள் லயன் வீடுகளின் தலைக்கு மேலாகவே கொழும்புக்குப் போயின. அந்த லயன்களில் பலவற்றுக்குக் கீழே இறங்கி வர மின்சாரம் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. தலவாக்கலையில் 2012இல் திறந்த மேல் கொத்மலைத் திட்டத்துக்காக நூற்றுக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென் கிளேயர் அருவி மெலிந்துபோகும் என்பதற்காகவும் மக்களின் இருப்பிடத்துக்காகவும் நடந்த எதிர்ப்பு அந்தத் திட்டத்தை நீண்ட காலம் நிறுத்திவைத்திருந்தது. நாடு முழுவதற்கும் போகும் பொருளுக்கு எந்த ஊர் இடம் கொடுக்கிறதோ, அந்த ஊருக்கு முதலில் என்ன கிடைத்தது என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கலாம். அது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வரை, மன்னார் வரை நம்மோடு வரும்.

1996இல் மழை பொய்த்தது. நாளுக்கு எட்டு மணி நேரம்வரை மின்வெட்டு. மழையை மட்டும் நம்பிய நாட்டுக்கு அது பலத்த அடி. நிலக்கரி மின் நிலையம் ஒன்று வேண்டும் என்று அதற்கு வெகு முன்பே திட்டக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இடம் எது என்ற சண்டையிலேயே ஆண்டுகள் கழிந்தன. அவசரத்துக்கு வந்தது எண்ணெய். தனியார் டீசல் நிலையங்கள் அடுத்தடுத்து முளைத்தன. கொழும்புத் துறைமுகத்தில் பார்ஜ் மீது ஏற்றிய 60 மெகாவாட் நிலையம்கூட 2000ஆம் ஆண்டில் வந்து கட்டப்பட்டது. சீக்கிரம் கட்டக்கூடியது என்பதுதான் எண்ணெய் நிலையத்தின் ஒரே நன்மை. எரிப்பதற்கு டொலர் வேண்டும். ஒவ்வொரு வறட்சியும் அன்னியச் செலாவணியைத் தின்னத் தொடங்கியது அப்போதிருந்துதான்.

பிறகு நுரைச்சோலை. கற்பிட்டிக் குடாநாட்டில் சீனக் கடனில் கட்டிய நிலக்கரி நிலையத்தின் முதல் இயந்திரம் 2011இல் இணைந்தது. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயிற்று. யூனிட் விலையில் எண்ணெயைவிட மலிவு, இரவு பகலாக ஓடும். ஆனால் அங்கேயும் பருவம் குறுக்கே நிற்கிறது. நிலக்கரிக் கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழ்கடலில் நின்று சிறு பார்ஜ்களில் இறக்க வேண்டும். தென்மேல் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாள் இறக்க இயலாது. வரும் மழைக்காலம் முழுவதற்குமான கரியை அதற்கு முன்பே வாங்கி, பணம் கட்டி, முற்றத்தில் குவித்துவைக்க வேண்டும். கையில் டொலர் இருந்தால் அது வெறும் திட்டமிடல் வேலை.

2022இல் டொலர் இல்லை. எண்ணெய்க் கப்பல்கள் பணத்துக்காகக் கடலில் காத்து நின்றன. மார்ச் கடைசியில் வறண்ட பருவம். அணைகளில் தண்ணீர் தாழ்ந்திருந்தது. மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. வெக்கையில் தூங்க முடியாமல் வீதிக்கு வந்த சனங்கள் பிறகு வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த ஆண்டு நடுப்பகுதியில் ஓர் ஆட்சியே போயிற்று. நீண்ட காலம் கட்டணத்தை அரசியலுக்காக அடக்கிவைத்திருந்ததன் கணக்கும் அதோடு சேர்ந்து வந்தது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் கட்டணம் ஏறியது. கட்ட முடியாத வீடுகளின் இணைப்பு வெட்டப்பட்டது. நூற்றுக்கு நூறு வீடுகளுக்கும் மின்சாரம் எட்டிவிட்டது என்று பெருமைப்பட்ட நாட்டில், கம்பி வாசல்வரை இருந்தும் குப்பி விளக்கு மறுபடி கைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தாருக்கு அந்த 13 மணி நேரம் புதிதாகத் தெரிந்திருக்காது. போர்க்காலத்தில் குடாநாடு தீவுக்குள் இன்னொரு தீவாகக் கிடந்தது. லக்சபானவிலிருந்து வடக்கே வந்த உயர் அழுத்தக் கம்பி 1990ஐ ஒட்டி அறுந்தபின் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் தேசிய வலையமைப்பு சுன்னாகத்தை எட்டவில்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்துச் சில துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் பரீட்சைக்குப் படித்த தலைமுறை அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். தீவு ஒன்று தன் மின்சாரத்தைத் தானே ஆக்குவது என்றால் அதன் மிகச் சிறிய வடிவம் அந்த மிதிதான்.

போருக்குப் பின் 2012, 2013 ஆண்டுகளில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ட் கம்பி திரும்ப வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் குடாநாட்டை ஓட்டிய எண்ணெய் நிலையம் விட்டுப்போன தழும்பு வேறு வகையானது. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. பெரும்பாலும் கிணறே தண்ணீர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி அந்தத் தனியார் மின் நிலையத்துக்கு ஆணையிடப்பட்டது. தீர்ப்பு முக்கியமானது. ஆனால் நிலத்தடி நீரில் கலந்ததைத் தீர்ப்பால் திரும்ப எடுக்க முடியாது. அவசரத்தில் கட்டும் மின்சாரத்தின் மெய்யான விலையைப் பார்க்க விரும்புவோர் கட்டணப் பட்டியலோடு அந்தக் கிணறுகளையும் பார்க்க வேண்டும்.

குடாநாட்டை ஒட்டிய சிறு தீவுகளுக்கு அந்தக் கம்பியும் போகவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் டீசல் இயந்திரங்களுக்கு எண்ணெய் படகில் போக வேண்டும். எழுவைதீவில் காற்றாடி, சூரியத் தகடு, பேட்டரி, டீசல் நான்கையும் கோத்த ஒரு சிறு அமைப்பு முதலில் வந்தது. மற்ற மூன்றுக்கும் அதே வகைத் திட்டத்தை 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தபோது இந்தியா எதிர்த்தது. 2022இல் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. மீன்பிடிச் சனங்களின் சில ஆயிரம் விளக்குகளுக்குள் இரண்டு வல்லரசுகளின் பார்வை விழுந்து கிடக்கிறது.

மன்னாரில் காற்றுக்குக் குறைவில்லை. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி, 30 காற்றாடிகளோடு 100 மெகாவாட் அளவுக்கு மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கிறது. மே முதல் செப்டெம்பர்வரை, நுரைச்சோலையில் கப்பல் கரி இறக்க முடியாத அதே மாதங்களில்தான், அங்கே காற்று பலமாக அடிக்கிறது. ஒரு பருவத்தின் குறையை அதே பருவத்தின் காற்று ஈடு செய்கிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்கவிருந்த அதானி நிறுவனம், விலை பற்றிய சர்ச்சைகளுக்குப் பின் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மன்னார்ச் சனங்கள் காற்றாலைகளை எதிர்த்து 2025இல் வீதியில் நின்றார்கள். கடல்மட்டத்துக்கு அருகே கிடக்கும் மெல்லிய மணல் தீவு அது. வெள்ளம் வடியும் வழி, மீனவரின் வாடி, வலசை வரும் பறவைகளின் பாதை எல்லாம் அந்தச் சிறு நிலத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. மஸ்கெலியாவையும் சுன்னாகத்தையும் பார்த்தபின், அவர்களுடைய சந்தேகத்தை முன்னேற்றத்துக்கு எதிரான குரல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காற்றாடி எங்கே நிற்க வேண்டும் என்பதை நிலத்தில் இருப்பவரோடு உட்கார்ந்து முடிவு செய்தால், மன்னார் மாவட்டத்தின் பெருநிலத்திலும் பூநகரியிலும் இடம் இருக்கிறது.

இப்போது வெயிலுக்கு வருவோம். 2016இல் அரசு தொடங்கிய கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தில் வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் கடன் எடுத்துத் தகடு பொருத்தினார்கள். ஒன்பது ஆண்டுகளில் கூரைகளின் கூட்டுத் திறன் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டி, நுரைச்சோலையையே மிஞ்சிவிட்டது. வெயில் இறக்குமதி செய்ய வேண்டாத எரிபொருள். அணைகள் வறளும் மாசி, பங்குனியில்தான் அது உச்சத்தில் இருக்கும். இவ்வளவும் நல்ல செய்தி.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் கோளாறு ஏற்பட்டதாக அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் இருண்டது. விடுமுறை நாளில் பாவனை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் தேவையில் பெரும்பங்கைச் சூரியத் தகடுகள் கொடுத்துக்கொண்டிருந்தன. கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடின. சுழலியின் எடைதான் வலையமைப்பின் பொறுமை. கோளாறு வரும்போது அந்தச் சுழலும் இரும்பு தன் வேகத்தைக் கொடுத்துச் சில விநாடிகள் தாங்கும், அதற்குள் மற்றவை சுதாரிக்கும். சாதாரணச் சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. தாங்க எதுவும் இல்லாத வலையமைப்பு அன்று விழுந்தது. நீர்மின் நிலையங்களை முதலில் எழுப்பி மாலைக்குள் நாட்டை மீட்டார்கள். நுரைச்சோலை மீள நாட்கள் ஆனதால் அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர வெட்டு இருந்தது. குரங்கைப் பற்றி உலகம் சிரித்தது. உண்மையில் பயப்பட வேண்டிய பகுதி, ஒரு குரங்கால் விழும் அளவுக்கு வலையமைப்பு மெலிந்திருந்தது என்பதுதான்.

இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் மூன்று மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை சனங்களைக் கேட்டுக்கொண்டது. இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும்போது டொலரை எரிக்கும் எண்ணெய் இயந்திரங்கள் ஓடின. நடுப்பகலில் இலவச வெயிலை நிறுத்தச் சொல்லும் நாடு, அதே நாள் இரவில் எண்ணெய் வாங்குகிறது.

ஆகவே இன்றைய கேள்வி, மின்சாரத்தை எங்கே ஆக்குவது என்பதைக் கடந்துவிட்டது. நண்பகலில் ஆக்கியதை இரவு ஏழு மணிவரை எப்படி வைத்திருப்பது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

மூன்று வழிகள் பேசப்படுகின்றன. மதுரையிலிருந்து கடலுக்கடியில் கம்பி போட்டு இந்திய வலையமைப்போடு இணைப்பது ஒன்று. பல பத்தாண்டுகளாகப் பேசி, 2025 ஏப்ரலில் மறுபடி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அண்டை வீடு கிடைக்கும் என்பதால் இது வேண்டியதுதான். ஆனால் கம்பி வரும்வரை காத்திருக்க முடியாது, வந்தபின்னும் அதையே நம்பிச் சாய்ந்தால் மழையை நம்பிய கதைதான். இயற்கை எரிவாயு இரண்டாவது. எரிவாயுவுக்கென்று கெரவலப்பிட்டியவில் நிலையங்கள் நிற்கின்றன. எரிவாயு இறக்கும் முனையம் வரவில்லை, எரிவது எண்ணெய். எரிவாயு வந்தாலும் அதற்கும் டொலர்தான்.

மூன்றாவது சேமிப்பு. இதில் ஏற்கெனவே கையில் இருப்பது அணைகள். பகலில் வெயில் உழைக்கும்போது காசல்ரீ, மவுசாகலை, கொத்மலைத் தண்ணீரை மூடிவைத்து இரவில் திறந்தால் அது பேட்டரி செய்யும் வேலையேதான். வயலுக்கான நீரை அப்படி நிறுத்த முடியாது என்பதால் அதற்கு எல்லை உண்டு. மகா ஓயாவில் 600 மெகாவாட் அளவுக்கு, பகல் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் திட்டம் காகிதத்தில் இருக்கிறது. துணைமின் நிலையங்களில் பெரிய பேட்டரிகள் வைப்பது அதைவிட வேகமாக முடியும் வேலை. கோளாறு நேரத்தில் மிக விரைவாகத் தாங்கவும் அவற்றால் முடியும். 2030க்குள் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு எழுதினார்கள். அந்த வரியை எழுதிய அன்றே சேமிப்புக்கும் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். தகடுகள் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து அவற்றை நிறுத்தச் சொல்லும் நிலை, விமலசுரேந்திரவை 32 ஆண்டுகள் காக்கவைத்த அதே தாமதத்தின் வேறு உருவம்.

மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் சட்டம் 2024இல் வந்துவிட்டது. பிரிந்த நிறுவனங்கள் யார் கையில் இருந்தாலும், இரவு ஏழு மணிக்கான பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாக எழுதிவைக்காவிட்டால் அடுத்த இருட்டில் எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

கட்டணம் மாறும்போதெல்லாம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாக மக்கள் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் அனுப்பலாம், நேரிலும் போய்த் தமிழில் பேசலாம். பெரும்பாலும் அங்கே யூனிட் விலை பற்றிய பேச்சோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ கொழும்பிலோ அந்தக் கூட்டம் நடக்கும்போது போங்கள். எத்தனை மெகாவாட் சேமிப்பு, எந்த ஆண்டில், எந்தத் துணைமின் நிலையத்தில் என்று கேளுங்கள். அணைக்கும் காற்றாடிக்கும் நிலம் கொடுக்கும் ஊருக்கு அதில் என்ன பங்கு என்றும் கேளுங்கள்.